படிவத்தைத் திறக்கவே முடியாத படைவீரரும் நம்ம ஈ.பி.எஃப். வரிசையும்: மரீனா நிட்ஸ் செய்ததில் எது நமக்கு உதவும்?

பனிமூட்டம் (ஹட்டன்) கேட்டது:

வணக்கம் எல்லோருக்கும். தோட்டத்து இளைஞர்கள் சிலர் ஞாயிறு பின்னேரங்களில் ஓர் உதவி மேசை நடத்துகிறார்கள். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தை எடுக்கும் கே படிவம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) மேன்முறையீடு, இப்படியானவை. அவர்களுக்கு ஒரு மணிநேரப் பேச்சு தயாராகிறது. எடுத்த ஆள், அமெரிக்க முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்தில் 2013 முதல் 2017 வரை தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த மரீனா நிட்ஸ்.

தேடினால் "சீர்திருத்தம் செய்தார்", "டிஜிட்டல் மயமாக்கினார்" என்றுதான் வருகிறது. எதை, எப்படி மாற்றினார் என்று யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா? அடுத்தது, அந்த முறைகளில் எது ஒரு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், நாலு கைத்தொலைபேசி மட்டும் உள்ள மேசைக்குப் பொருந்தும்? திணைக்களத்தின் மென்பொருளைத் தொட எந்த அதிகாரமும் கிடையாது என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள்.

செக்ரோல் (பண்டாரவளை):

பெயரிலிருந்தே தொடங்குங்கள். அவர் பதவியில் இருந்த காலத்து ஆவணங்களில் மரீனா மார்ட்டின் என்றுதான் இருக்கும். நிட்ஸ் என்று மட்டும் தேடினால் பாதி அகப்படாது. பெயர் இரண்டாக இருப்பதால் கோப்பு கிடைக்காமல் போவது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை.

அவர் உள்ளே வந்தபோது திணைக்களம் இருந்த நிலை: 2013 மார்ச்சில், 125 நாளுக்கு மேல் முடிவு கிடைக்காமல் கிடந்த ஊனக் கொடுப்பனவு விண்ணப்பங்கள் சுமார் 6,11,000. பெரும்பாலும் காகிதக் கோப்பு. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் அலுவலகத்தில் அலுமாரிகளுக்கு மேலேயே ஏறத்தாழ 37,000 கோப்புகள் அடுக்கியிருந்தன, அந்தப் பாரத்தைக் கட்டடத்தின் தளம் தாங்காது என்று 2012இல் திணைக்களத்தின் சொந்தக் கண்காணிப்பு அதிகாரியே அறிக்கை எழுதினார்.

நிட்ஸ் கதையில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது 10-10ஈஸட் படிவம். முன்னாள் படைவீரர் மருத்துவ வசதிக்குப் பதிவு செய்யும் படிவம் அது. இணையத்தில் இருந்தது, ஆனால் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் குறிப்பிட்ட பதிப்பும் அடோபி ரீடரின் குறிப்பிட்ட பதிப்பும் சேர்ந்திருந்தால்தான் திறக்கும். இல்லாவிட்டால் ஒரு பிழைச்செய்தி. திறக்க வந்தவர்களில் 70 வீதத்துக்கு மேற்பட்டோர் அந்தச் செய்தியோடு நின்றார்கள். அதிகாரிகள் யாருக்கும் இது தெரியவில்லை. ஏன்? அலுவலகக் கணினிகள் அத்தனையிலும் அந்த இரண்டு பதிப்புகளும்தான் இருந்தன. அவர்கள் மேசையில் படிவம் அழகாகத் திறந்தது. புகார் வந்தால் "இங்கே வேலை செய்கிறதே" என்று பதில் போனது, அதுவும் பொய் இல்லை.

நிட்ஸின் குழு செய்தது என்ன? ஒரு படைவீரரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் படிவத்தைத் திறக்கத் திரும்பத் திரும்ப முயல்வதை அப்படியே காணொளி எடுத்தார்கள். அதை மேலதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். எழுதிக் கொடுத்த அறிக்கைகளால் அசையாதது அந்தச் சில நிமிடங்களில் அசைந்தது. 2016இல் புதுப் படிவம் வந்தது. சாதாரண வலைப்பக்கம், தனி மென்பொருள் வேண்டாம், கணக்குத் திறந்து உள்நுழையவும் வேண்டாம். முன்பு இணையவழியில் வந்தவை 10 வீதம்கூட இல்லை, பிறகு பாதிக்கு மேல் இணையவழியில் வந்தன.

இதைப் போட்ட இடம் வெட்ஸ்.கவ் என்ற தளம், 2015 நவம்பர் 11, அவர்களின் படைவீரர் தினத்தன்று தொடங்கியது. பழைய தளத்தை உடைத்துவிட்டுக் கட்டவில்லை. பழையது ஓடிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே புதியதை வைத்து ஒவ்வொரு சேவையாக மாற்றினார்கள். 2018 நவம்பரில்தான் அது திணைக்களத்தின் பிரதான தளத்தோடு ஒன்றானது, அப்போது நிட்ஸ் விலகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

முந்தைய வேலை: 2012 அளவில் கல்வித் திணைக்களத்தின் தரவுத் திட்டம், வெள்ளை மாளிகையில் தொழில்நுட்ப ஆலோசகர். பிந்தையது: லேயர் ஆலெஃப் என்ற சிறு நிறுவனத்தில் பங்காளர், வளர்ப்புப் பெற்றோர் முறைமையைச் சீராக்கும் வேலை, 2022இல் நிக் சினாயுடன் சேர்ந்து ஒரு நூல். மலைபோல் குவிந்த 6,11,000 விண்ணப்பங்கள் 2015 ஆகஸ்டில் 1 இலட்சத்துக்குக் கீழே இறங்கின, அது அவர் காலத்தில்தான்.

மூன்றாம்கட்டை (தலவாக்கலை):

கடைசி வரியில் ஒரு திருத்தம், செக்ரோல் அண்ணா. "அவர் காலத்தில்" என்பது சரி. "அவரால்" என்று பேச்சில் வந்துவிடக் கூடாது. அந்தக் குவியலைக் குறைத்தது பெரும்பாலும் இரண்டு விஷயம்: காகிதத்தை வருடி ஏற்றிய வீ.பீ.எம்.எஸ். முறைமை, அலுவலர்களுக்குக் கட்டாயமாக்கிய மேலதிக நேர வேலை. முதலாவது அவருக்கு முன்பே தொடங்கியது. அதேபோல 2018இல் செர்னர் நிறுவனத்தோடு போட்ட சுமார் 1,000 கோடி டொலர் மின்னணு மருத்துவப் பதிவு ஒப்பந்தத்தையும் அவர் கணக்கில் எழுதக் கூடாது. அது அவர் போன பிறகு. 2020இல் ஸ்போகேனில் ஆரம்பித்து, பிரச்சினைகள் முற்றி, 2023 ஏப்ரலில் புதிய மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோவதையே நிறுத்திவைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பேச்சு நன்றாக நிற்கும்: ஒரு படிவத்தைத் தனியாக எடுத்துச் சரிசெய்தது ஓடியது, எல்லாவற்றையும் ஒரே ஒப்பந்தத்தில் தூக்கியது தடுக்கியது.

10-10ஈஸட்டை விட நம்ம மேசைக்குக் கிட்டியது கேஸ்ஃப்ளோ என்ற மேன்முறையீட்டு மென்பொருள். மேன்முறையீட்டுக் கோப்பைக் கீழ் அலுவலகத்திலிருந்து மேன்முறையீட்டுச் சபைக்கு அனுப்பும் முன், அலுவலர் இரண்டு முறைமைகளைத் திறந்து, இதிலுள்ள திகதியும் அதிலுள்ள திகதியும் ஒன்றுதானா என்று கண்ணால் ஒப்பிட்டு, 8ஆம் இலக்கப் படிவத்தைக் கையால் நிரப்ப வேண்டும். ஒரு திகதி பிசகினால் கோப்பு சிக்கிக்கொள்ளும். குழு மேன்முறையீட்டு முறைமை முழுவதையும் எழுதப் புறப்படவில்லை. 2016இல் முதலில் இந்த ஒரு படியை மட்டும் எடுத்தது. இரண்டு பதிவும் பொருந்துகிறதா என்று மென்பொருளே பார்த்து, பொருந்தாததை முன்கூட்டியே காட்டி, படிவத்தை நிரப்பியும் கொடுத்தது.

கோப்பு அனுப்பும் முன் பொருத்தம் பார்ப்பது! அதற்குத் திணைக்களத்தின் மென்பொருள் தேவையில்லை, ஒரு கோடு போட்ட கொப்பி போதும்.

இன்னொன்று, சட்டமா வழக்கமா என்று கேட்பது. அங்கே 1980ஆம் ஆண்டின் காகிதவேலைக் குறைப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. 10 அல்லது அதற்கு மேற்பட்ட பொதுமக்களிடம் ஒரே கேள்விக்கொத்தைக் கேட்டால் மத்திய அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும். அதைச் சாட்டாக வைத்து, படிவம் பாவிப்பவர்களோடு பேசவே கூடாது என்று பல அலுவலகங்களில் நம்பிக்கொண்டிருந்தார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒன்பது பேரோடு உட்கார அது தடையே இல்லை.

நம்ம பக்கத்தில் "இந்தக் கடிதமும் வேணும்" என்று கவுண்டரில் சொன்னால், எந்தச் சுற்றறிக்கை, என்ன இலக்கம் என்று மரியாதையாகக் கேளுங்கள். வாயால் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தச் சுற்றறிக்கையின் பிரதியைக் கேட்டு எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கிடைத்ததற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள், 14 வேலைநாட்களுக்குள் தகவல் அதிகாரி தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தமிழில் எழுதுங்கள். தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. சண்டைக் கடிதமாக எழுதினால் அடுத்த வாரம் அதே கவுண்டருக்குத்தான் போக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கொழுந்துக்கூடை (பதுளை):

பொருத்தம் பார்க்கும் கொப்பியை ஈ.பி.எஃப்.புக்கு எப்படிப் போடுவது என்று மட்டும் சொல்கிறேன்.

அடிப்படை: தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம், அதோடு ஈ.ரி.எஃப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) தோட்டம் 3 வீதம். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் கே படிவத்தோடு தொழில் அலுவலகத்துக்கு. உறுப்பினர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு எல் படிவம், கே இல்லை. இந்த ஒரு எழுத்தில் போன பயணம் வீணாகிறது. பணிக்கொடை வேறு: 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டப்படி 5 வருட சேவை முடிந்திருந்தால், நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதைத் தோட்டமே கொடுக்க வேண்டும். பலர் மூன்றையும் ஒன்றாக நினைத்து ஒரு படிவத்தோடு வருவார்கள்.

கோப்பு திரும்புவதற்குப் பெரிய காரணம் பெயர். லெட்சுமி என்று ஒருவர். செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதியது ஒன்று. பிறப்புப் பதிவு சிங்களத்தில், அதிலிருந்து தமிழுக்குத் திரும்பும்போது லக்ஷ்மி. அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் ஒருவர் எல்-ஈ-ரி என்று தொடங்குவார், இன்னொருவர் எல்-ஏ-கே என்று. அப்பா பெயர் முன்னால் வந்ததா, முதலெழுத்தாக வந்ததா, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் ஏறிவிட்டதா? கணினிக்கு இவர்கள் நாலு பேர்.

கொப்பியில் ஆளுக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் ஆவணங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், ஈ.பி.எஃப். பீ அட்டை, வருடாந்த மீதிக்கூற்று, கடைசிச் சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம். மேலே: பெயர் (எழுத்துக்கு எழுத்து, எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்), பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், உறுப்பினர் இலக்கம். பொருந்தாத இடத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள். சிவப்பு இல்லாத ஆள் நேரே தொழில் அலுவலகம் போகலாம். சிவப்பு இருந்தால் முதலில் தோட்ட அலுவலகத்தின் உறுதிக்கடிதமும், சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியும். அந்தக் கடிதத்தில் இரண்டு எழுத்துக்கூட்டலையும் எழுதி "இவ்விரண்டும் ஒருவரே" என்று உறுப்பினர் இலக்கத்தோடு சொல்ல வேண்டும். "இவர் எமது தோட்டத்தில் வேலை செய்தவர்" என்று மட்டும் இருந்தால் அது எதையும் இணைக்காது.

பிறந்த திகதி இன்னும் நுணுக்கம். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ண வேண்டும், லீப் வருடம் இல்லாவிட்டாலும். ஆகவே மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாள். 1970 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 70561 என்று தொடங்கும். 60 என்று எண்ணிவிட்டு "அட்டை பிழை" என்று சொல்லும் தவறு அடிக்கடி நடக்கும். 2016இலிருந்து வரும் 12 இலக்க அட்டையில் முன்னால் 19 சேர்ந்து, நாள் இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 செருகி, கடைசி எழுத்து போய்விடும். ஆள் ஒருவர்தான். வயது போனவர்களின் ஈ.பி.எஃப். பதிவில் பழைய இலக்கமும் கையில் புது அட்டையும் இருந்தால் இந்த மாற்றத்தைக் கொப்பியிலேயே எழுதிக் காட்டுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

உத்தேச வயதுச் சான்றிதழ் வைத்து அட்டை எடுத்தவருக்குப் பிறகு உண்மையான பிறப்புப் பதிவு கிடைத்தால் அவசரப்பட்டுத் திருத்தப் போகாதீர்கள். திகதி மாறினால் அட்டை இலக்கமே மாறும். அதன் பின்னால் ஈ.பி.எஃப்., வங்கி, அஸ்வெசும எல்லாம் வரிசையாகப் பொருந்தாமல் போகும். ஓய்வுக்கு ஆறு மாதம் இருப்பவர் என்றால் எதை முதலில் தொடுவது என்று தொழில் அலுவலகத்தில் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

நிட்ஸோடு இதற்கு நேரடித் தொடர்பும் இருக்கிறது. 2020இல் கலிபோர்னியாவில் வேலையிழந்தோர் கொடுப்பனவு குவிந்து நின்றபோது ஆளுநர் அமைத்த அவசரக் குழுவில் லேயர் ஆலெஃப் ஆட்கள் வேலை செய்தார்கள். அங்கேயும் கண்டது இதுதான்: அடையாள விவரம் பிற பதிவுகளோடு ஒத்துப்போகாத விண்ணப்பங்கள் தானாக நகராமல் அலுவலர் கைக்குப் போய்த் தேங்கின. புதுச் சரிபார்ப்பு முறையைப் பொருத்த இரண்டு கிழமை புது விண்ணப்பங்களையே நிறுத்தி வைத்தார்கள். லெட்சுமிக்குக் கலிபோர்னியாவிலும் அதே கதிதான்.

பாமினி_எதிரி (கண்டி):

எல்லோரும் பெரிய விஷயம் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்த அடோபி ரீடர் கதையைக் கேட்டதும் நினைவுக்கு வருவது நம்ம தமிழ்ப் படிவங்களின் எழுத்துரு. இணையத்தில் கிடக்கும் பழைய தமிழ் பீ.டி.எஃப்.களில் நிறைய பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. எழுத்துரு உள்ளே பதிந்திருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகள். தேடினால் அகப்படாது, நகலெடுத்து வாட்சப்பில் ஒட்டினால் குப்பை. எழுத்துரு பதியாமல் இருந்தால் கைத்தொலைபேசியில் திறக்கும்போதே குப்பை. நிரப்பும் கட்டத்துக்கு அந்த எழுத்துருவையே வைத்திருந்தால் யூனிகோடில் தட்டும் தமிழ் வெறும் பெட்டியாக நிற்கும். அலுவலகக் கணினியில் பாமினி நிறுவியிருப்பதால் அங்கே எல்லாம் சரியாகவே தெரியும். 10-10ஈஸட் கதை அப்படியே.

மேசை தொடங்கும் முன் நீங்கள் பகிரும் ஒவ்வொரு படிவத்தையும் மலிவான ஆண்ட்ராய்டு ஒன்றில், டேட்டாவில், கூடுதல் செயலி எதுவும் இல்லாமல் திறந்து பாருங்கள். மடிக்கணினியில் பார்ப்பது கணக்கில் வராது.

பனிமூட்டம் (ஹட்டன்):

எல்லோருக்கும் நன்றி. கொழுந்துக்கூடை அக்காவின் பக்கத்தை அப்படியே அச்சடித்துக் கொடுக்கலாம் போலிருக்கிறது. ஒரு சந்தேகம்: அந்தக் காணொளி வேலையை நாங்களும் செய்யலாமா? வயதான அம்மா ஒருவர் கைத்தொலைபேசியில் மேன்முறையீடு போட முயல்வதை எடுத்தால்?

மூன்றாம்கட்டை (தலவாக்கலை):

எடுக்கலாம், முகம் வேண்டாம். மேலிருந்து கையையும் திரையையும் மட்டும் எடுங்கள். அடையாள அட்டை இலக்கமோ வங்கி இலக்கமோ திரையில் வரும் இடத்தை வெட்டிவிடுங்கள். என்ன எடுக்கிறோம், யாருக்குக் காட்டப் போகிறோம் என்று முதலே சொல்லி, அவர் சரி என்றால் மட்டும். தொடங்கிய பிறகு தயங்கினால் அழித்துவிட வேண்டும்.

கஷ்டமான பகுதி வாயை மூடிக்கொண்டிருப்பது. நம்ம பிள்ளைகள் "இங்கே அமத்துங்க ஆச்சி" என்று உடனே விரலை நீட்டிவிடுவார்கள், அந்த இடத்திலேயே காணொளி செத்துவிடும். "இப்ப என்ன நினைக்கிறீங்க?" என்பது ஒன்றுதான் கேட்கலாம். எங்கே நின்றார், எவ்வளவு நேரம், என்ன செய்து பார்த்தார் என்று ஒருவர் எழுதட்டும். எடுத்து முடிந்ததும் உட்கார்ந்து அவர் வேலையை முழுதாக முடித்துக் கொடுங்கள், பரிசோதனைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.

ஐந்து பேர் போதும். முதல் மூன்று பேருமே ஒரே இடத்தில் நின்றால் அதுதான் விஷயம். ஓ.டீ.பி. வரும் தொலைபேசி கொழும்பில் இருக்கும் மகனிடம், லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாததால் முகவரிக் கட்டம் நகர விடாது, இப்படி ஏதாவது இருக்கும். அதை மட்டும் இரண்டு நிமிடமாக வெட்டுங்கள். காட்டும்போது கூட்டத்தில் போட்டு அலுவலரை வெட்கப்படுத்தாமல், பிரதேச செயலகத்தில் அந்த வேலையை நேரடியாகப் பார்ப்பவரிடம் முதலில் தனியாகக் காட்டுங்கள். அவர் சம்மதித்தால் அவரே மேலே கொண்டுபோவார். அவர் பெயரில் போனால் இன்னும் நல்லது.

பனிமூட்டம் (ஹட்டன்):

சரி. பாமினியில் இருக்கும் படிவம் மூன்றை யூனிகோடுக்கு மாற்றப் போகிறோம். இணைய மாற்றியில் போட்டு எடுத்தால் போதுமா?

பாமினி_எதிரி (கண்டி):

போதாது. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் பழைய அச்சோடு வைத்துப் படியுங்கள். ஒகர, ஓகாரக் கொம்பும் காலும் சில இடத்தில் பிரிந்து நிற்கும். 'ஸ்ரீ' காணாமல் போகும். இடையில் ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறிவிடும், ஆகவே அவற்றை முன்பே குறித்து வைத்துக் கையால் திரும்பத் தட்ட வேண்டும். இலக்கங்கள் அநேகமாகத் தப்பிக்கும், அடைப்புக்குறியும் காற்புள்ளியும் தப்பிக்காமல் போகலாம். கட்டங்களின் அளவையும் வரிசையையும் மாற்றாதீர்கள், அலுவலர் கண் பழக்கத்தில் அந்த இடத்தைத்தான் தேடும். முடித்ததும் இங்கே போடுங்கள், மூன்றையும் பார்த்துச் சொல்கிறேன்.